தேவி எண் எழுதிய நத்தைகள்

கோல சிலாங்கூரைப் பற்றி இந்த வலைப்பூவில் மூன்று முறை எழுதிவிட்டேன். ஆற்றோரத்து மின்மினிகள், மெலாவத்திக் குன்றின் குரங்குகள், பாசிர் பெனாம்பாங்கின் மீன் கடைகள். அங்கிருந்து புறப்பட்ட ஒரு பயணத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒதுக்கிவைத்தேன். 1986 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை, என் தங்கை தேவிக்குத் துணையாகக் கடலுக்குள் இருக்கும் ஒரு சின்னத் தீவுக்குப் போன பயணம் அது. படகில் தீவுகளுக்குப் போக நினைக்கும் வாசகர்கள் அடிக்கடி எழுதிக் கேட்கிறீர்கள். அந்தத் தீவில் நான் செய்ததை மறைத்துக்கொண்டு உங்களுக்கு வழி சொல்வது சரியில்லை என்று பட்டது. அதனால் இது.

எங்கள் அப்பா பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்வை பார்க்கும் மண்டோர். எனக்கு அப்போது இருபத்தாறு வயது; பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ராவாங்கில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்தேன். தேவி மூன்று வயது இளையவள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கியதோடு நில்லாமல் மேலே ஆராய்ச்சிக்கும் சேர்ந்துவிட்டாள். ஆராய்ச்சி எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் அப்பா "விலங்கியல்" என்று மட்டும் சொல்வார். நத்தை என்று சொல்ல அவருக்குக் கூச்சம். நாற்று மேடையைத் தின்னும் பெரிய நத்தைகளைப் பொறுக்கி உப்புப் போட்டுக் கொல்ல ஆள் வைப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. "அதுக்கு உப்பு போதுமே மண்டோரே, டிகிரி எதுக்கு?" என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒரு நாள் கேட்டுவிட்டார். அப்பா இரண்டு நாள் ஆபீஸ் பக்கமே போகவில்லை.

தேவியின் நத்தை வேறு. கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். நல்ல மஞ்சள், ஓட்டின் வாயோரத்தில் மட்டும் கறுப்பு. பெரும்பாலான நத்தைகளின் ஓடு வலப்பக்கமாகச் சுற்றும், இதன் ஓடு இடப்பக்கமாகச் சுற்றும். தரையில் ஊராது, செடிகளில் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு தீவைத் தவிர வேறு எங்கும் யாரும் இதைப் பார்த்ததில்லை. அவள் ஒவ்வொன்றாகப் பிடித்து, ஓட்டில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் மெல்லிய பேனாவால் எண் எழுதி, எடுத்த இலையிலேயே திரும்ப விட்டிருந்தாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போய் எது இருக்கிறது, எது வளர்ந்திருக்கிறது, எது இடம் மாறியிருக்கிறது என்று பார்த்துக் குறிப்பாள். முதல் சில பயணங்களுக்கு அவளோடு படித்த ஒரு பெண் துணைக்குப் போனாள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டது. தெரியாத படகுக்காரரோடு தனியாகப் போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

போவதற்கு முந்தின வாரம் ஸ்டோரில் பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். எங்கள் தொழிற்சாலையில் புது இயந்திரம் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் இருந்தார். தோட்டத்துப் பழக்கத்தில் நாங்கள் அவரைத் தொரை என்றே சொல்வோம். அவர் வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்கச் சிப்பியும் சங்கும். இடப்பக்கம் சுற்றும் நத்தை என்றதும் எழுந்தே நின்றுவிட்டார். "எனக்குக் கொஞ்சம் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டார். அந்த மாதம் ஸ்டோர் சூப்பர்வைசர் பதவி காலியாக இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் "கண்டிப்பா" என்றேன்.

சனிக்கிழமை காலை 6.15க்கு ராவாங்கில் பஸ். கோல சிலாங்கூர் நாற்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் ஆளுக்கு 2 வெள்ளி 30 காசு. பத்தாங் பெர்ஜுந்தை தாண்டும்போது எங்கள் தோட்டத்து முச்சந்தியில் அப்பா சைக்கிளோடு நின்றார். அம்மா கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியை ஜன்னல் வழியாகத் தந்துவிட்டு, "தங்கச்சிய பாத்துக்க" என்றார். 7.50க்கு இறங்கினோம். பஸ் நிலையத்துக்கு எதிரே தமிழர் கடையில் இரண்டு தோசையும் ஒரு தேத்தண்ணியும் 1 வெள்ளி 10 காசு. சாம்பார் நன்றாக இருந்தது என்று எழுதத் தோன்றுகிறது. உண்மையில் எனக்கு நினைவில்லை. தொரையிடம் என்ன சொல்லிக் கொடுப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்சியில் பாலம் தாண்டிப் படகுத்துறைக்கு 3 வெள்ளி. படகுக்காரர் பாக் சாலே, மலாய்க் கிராமமான பக்கத்துக் கம்பத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும், மரியாதைக்கு 'பாக்' என்போம். போக வர 70 வெள்ளி என்று தேவி முன்பே பேசியிருந்தாள். 8.40க்குக் கிளம்பினோம். ஆற்று முகத்துவாரத்தில் சேறு மேடிட்டிருக்கும். வற்றத்தில் படகு தட்டும் என்பதால் நீர் ஏறியிருக்கும்போதே வெளியேற வேண்டும். தண்ணீர் தேநீர் நிறத்திலிருந்து மெல்லப் பச்சையாகும் இடத்தில் கரை மங்கிவிடும். அதன் பிறகு ஒரு மணி நேரம் வானமும் இன்ஜின் சத்தமும்தான். 10.20க்குத் தீவு. பார்க்க இப்படி இருக்கும்: வெயிலில் வெளுத்த பாறை, அதன் தலையில் ஒரு பிடி பச்சை. பூவரசு, தாழை, பெயர் தெரியாத புதர்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கப் பத்து நிமிடம் போதும்.

மேலே ஏறியதும் தேவி ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். மஞ்சளாக ஒன்று ஒட்டியிருந்தது. முதுகில் சிவப்புப் பொட்டு, 17 என்று எண். "இவன் போன தடவையும் இதே செடியிலதான் இருந்தான்" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இதை இன்று ஒப்புக்கொள்கிறேன். பள்ளியில் என்னைவிட அவள் அப்படியொன்றும் கெட்டிக்காரி இல்லை. நான் ஸ்டோரில் போல்ட் எண்ணிக்கொண்டிருக்க, இவள் நத்தை எண்ணுவதற்கு வீடே பெருமைப்படுகிறது என்ற நினைப்பு.

"தேவி, எங்க தொரைக்கு இதுல ரெண்டு வேணுமாம்."

"முடியாதுண்ணே."

"ரெண்டே ரெண்டுதான். என்ன வந்துடப் போவுது?"

"இந்தப் பாறைய விட்டா இதுக்கு வேற ஊரே இல்லண்ணே. நான் எண்ணினதே நூத்து முப்பத்தாறுதான். கேக்காத."

"பெரிய ஆளாயிட்ட லா நீ" என்றேன். அவள் நோட்டைத் திறந்துகொண்டு தீவின் வடக்குப் பக்கமாகப் போனாள். தெற்குப் பக்கத்தை நான் பார்த்து, கண்ட எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். இலையைத் தொடலாம், நத்தையைத் தொடக் கூடாது. இவ்வளவுதான் அவள் எனக்குக் கொடுத்த வேலை.

பன்னிரண்டு மணிக்குப் பாறை நிழலில் மூவரும் அம்மாவின் புளிச்சோறு சாப்பிட்டோம். பிறகு தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு நான் தெற்குப் பக்கம் போனேன். முதலில் இரண்டு எடுத்தேன். உடையாமல் போய்ச் சேர வேண்டுமே என்று இன்னும் இரண்டு. சின்னதாக இருக்கிறதே என்று பெரிதாக ஒன்று. பொட்டு வைத்ததுதான் கண்ணில் சட்டென்று படும். அதனால் அவள் எண் எழுதியவற்றையே எடுத்தேன். இலையிலிருந்து பிரிக்கும்போது 'பொக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். மேலே இரண்டு இலையைப் போட்டு மூடியபோது உள்ளே இருபத்து மூன்று இருந்தன. தாளில் அந்த எண்களையும் கண்டதாக எழுதிக் கொடுத்தேன். தேவி வாங்கிப் பார்த்துவிட்டு, "தேங்ஸ்ண்ணே, நல்லா தேடியிருக்க" என்றாள்.

1.30க்குக் கிளம்பி 3.10க்குக் கரை சேர்ந்தோம். வழி முழுக்கத் தூக்குச்சட்டியை மடியில் வைத்திருந்தேன். பாக் சாலே அதை ஒரு முறை பார்த்தார். சாப்பிட்டு முடித்த பாத்திரத்தை ஒருவன் எதற்கு இப்படி அணைத்துக்கொண்டு வருகிறான் என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த பெயிண்ட் தின்னரில் துணியை நனைத்து ஒவ்வொரு ஓட்டையும் துடைத்தேன். தொரைக்குச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் அல்லவா. 17 வந்தது. 41 வந்தது. தேவியின் எழுத்தில் நான்கு எப்போதும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். தின்னர் வாடையில் நத்தைகள் உள்ளே சுருண்டுகொண்டன. திங்கள் மாலை தொரையின் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பார் என்று நினைத்திருந்தேன். நினைத்தேனா, அப்படி எனக்கே சொல்லிக்கொண்டேனா, தெரியாது. அவர் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் மொத்தத்தையும் கொட்டினார். ஓட்டிலிருந்து சதையை எடுக்க அதுதான் வழி என்றார். தேநீர் கொடுத்தார், குடித்தேன். அடுத்த மாதம் சூப்பர்வைசர் வேலை எனக்கே கிடைத்தது.

ஆகஸ்டில் அடுத்த எண்ணிக்கை. வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்திருக்கலாம். அப்பா விடவில்லை. அதே பஸ், அதே படகு. தெற்குப் பக்கத்தில் தேவி முதல் செடியைத் திருப்பினாள், இல்லை. அடுத்தது, இல்லை. முட்டி போட்டுக் காய்ந்த இலைகளை விரலால் கிளறினாள், செத்து விழுந்திருந்தால் ஓடாவது கிடைக்க வேண்டுமே என்று. தாழை முள் கையைக் கிழித்தது. பாக் சாலே கீழேயிருந்து நீர் வற்றுகிறது, கிளம்ப வேண்டும் என்று குரல் கொடுத்தார். "இன்னும் அரை மணி நேரம், பாக்" என்று கெஞ்சினாள். "அண்ணே, நீ அந்தப் பக்கம் பாரு" என்றாள்.

நானும் தேடினேன். அந்த அரை மணி நேரம் நானும் குனிந்து இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இங்க இல்ல தேவி", "இங்கயும் இல்ல" என்று குரல் கொடுத்தேன். இந்தக் கட்டுரையில் நான் எழுதக் கூசும் இடம் எது என்று கேட்டால், தூக்குச்சட்டி அல்ல, தின்னர் அல்ல. இதுதான்.

திரும்பும் வழியில் படகின் முனையில் உட்கார்ந்திருந்தாள். கரை தெரிய ஆரம்பித்தபோது சொன்னாள்: "பொட்டு வச்சதுங்கதான்ணே போயிருக்கு. பொட்டு வைக்காதது எல்லாம் அங்கங்க இருக்கு. அந்தச் செவப்பு பறவைக்கு நல்லா தெரிஞ்சிருக்கு. இல்லன்னா பூச்சுல ஏதோ விஷம். நான்தான் கொன்னுட்டேன்." நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். ஆமாம், தட்டிக்கொடுத்தேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிறு. நான் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தேன். தேவியும் வந்திருந்தாள்; இளைத்திருந்தாள். பேராசிரியரிடம் தன் முறையால்தான் நத்தைகள் செத்தன என்று சொல்லிவிட்டதாகவும், ஆராய்ச்சியை விட்டு விலகுவதாகக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருப்பதாகவும் அம்மா சொன்னார். தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை கேட்கப் போகிறாளாம். அப்பா பின்கட்டில் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். தீட்டி முடித்த மண்வெட்டி அது.

காலை பத்து மணிக்கு அவளைப் பஸ் ஏற்றிவிட முச்சந்திக்கு நடந்தேன். நிழற்குடையில் வேறு யாரும் இல்லை.

"தேவி, பூச்சு இல்ல. பறவையும் இல்ல. நான்தான்."

"என்ன நீதான்?"

"நத்தைய எடுத்தது. ஜூன் மாசம். தூக்குச்சட்டியில."

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அது வளைவில் மறையும் வரை அவள் அதையே பார்த்தாள்.

"எத்தனை?"

"இருபத்து மூணு."

"உசுரோட இருக்கா?"

"இல்ல."

அவள் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்து முழங்காலில் வைத்தாள். "நம்பர் சொல்லு" என்றாள். தின்னரில் துடைத்தபோது பார்த்தவை என்பதால் பல எண்கள் மனதில் இருந்தன. 17, 41, 8, 63... பதினொன்று சொன்னேன். ஒவ்வொன்றையும் தேடி அதற்கு நேரே ஏதோ எழுதினாள்.

"மத்தது?"

"ஞாபகம் இல்ல."

"யோசி."

"தெரியல தேவி."

"யோசின்னு சொல்றேன்ல!"

அவள் என்னிடம் குரல் உயர்த்தியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். பஸ் வந்தது. நோட்டை மூடி ஏறினாள், ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. கடிதத்தை அவள் கொடுக்கவில்லை என்பது இரண்டு வாரம் கழித்து அப்பா சொல்லித்தான் தெரிந்தது.

அக்டோபர் பயணத்துக்கு அவள் அப்பாவை அழைத்துக்கொண்டு போனாள். அலுவலகத்தில் லீவு கேட்டே பழக்கமில்லாத மனிதர், மண்டோர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு படகில் ஏறி, போகும் வழி முழுக்கக் கடலில் வாந்தி எடுத்திருக்கிறார். "உங்கண்ணன் ஏன் வரல?" என்று கேட்டதற்கு, "அண்ணனுக்குப் புது வேலைப்பா, லீவு கெடைக்கல" என்றாளாம். கடைசிவரை அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மகன் சூப்பர்வைசர் ஆனதைத் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தவர், அது எப்படிக் கிடைத்தது என்று தெரியாமலே போய்விட்டார்.

ஆய்வேடு அச்சானபோது வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்தாள். யாரும் இல்லாத நேரத்தில் புரட்டினேன். நன்றி சொன்ன பக்கத்தில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், பாக் சாலே இருந்தார். நான் இருந்தது நான்காம் அத்தியாயத்தில், ஓர் அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில்: எண்ணிட்ட நத்தைகளின் இழப்புக்குக் குறியிடும் முறை காரணமல்ல, ஆய்வாளரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் இருபத்து மூன்றை எடுத்துச் சென்றார். அவ்வளவுதான். பெயர் இல்லை, வசை இல்லை.

பட்டம் வாங்கிய பிறகும் வருடத்துக்கு ஒரு முறை அவள் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். 1989இல் அப்பாவுக்கு இடுப்பு வலி வந்துவிட, எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. நாளும் நேரமும் மட்டும் எழுதியிருந்தது. போனேன். தீவை நெருங்கும்போது, "நீ படகுலயே இரு" என்றாள். சரி என்றேன். 10.10இலிருந்து 12.50 வரை இருந்தேன். "நீ மேலே போகலையா?" என்று பாக் சாலே கேட்டார். கால் வலி என்றேன். அவர் தூண்டிலைப் போட்டுவிட்டுப் பேச்சை மாற்றினார். மேலே பூவரசுகளுக்கு நடுவே அவளுடைய வெள்ளைத் தொப்பி குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. வெயில் ஏறியது. அந்த இரண்டு மணி நாற்பது நிமிடம் எனக்கு நியாயமாகவே பட்டது.

இறங்கி வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே பாக் சாலேயிடம் மலாயில் சொன்னாள்: "தெற்குப் பக்கம் குஞ்சுகள் நிறைய இருக்கு, பாக். அரிசி அளவுதான் இருக்கு, இன்னும் மஞ்சள் ஏறல." இன்ஜின் இன்னும் போடவில்லை. எனக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் அவரிடம்தான் சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்கு: மேலே சொன்ன விலைகள் அந்தக் காலத்தவை, இப்போது உதவாது, நேரமும் தூரமும் ஏறக்குறைய அதேதான். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் ஏற்றத்திலேயே முகத்துவாரத்தைத் தாண்டுங்கள். விடியற்காலையில் மேற்கே வானம் கறுத்திருந்தால் சுமத்ரா என்னும் சூறைக்காற்று வரும். படகுக்காரர் வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். முழுக்கைச் சட்டை, பிடிப்புள்ள செருப்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தீவில் கடை இல்லை, நிழலும் அதிகம் இல்லை. எந்தத் தீவாக இருந்தாலும் இலையைத் திருப்பிப் பாருங்கள், படம் எடுங்கள், திரும்ப விட்டுவிடுங்கள். எவ்வளவு பெரிய மனிதர் கேட்டாலும் எதையும் கொண்டுவந்து தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அங்கே நிறைய இருப்பது போலத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இந்தத் தீவின் பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம். அதைச் சொல்லும் உரிமை என் தங்கைக்கு உண்டு, எனக்கு இல்லை.